தலைக்குந்தாவில் உறைபனி: பாலிஹவுஸுக்குள் இரவில் எப்படிச் சூடு வைப்பது?

தலைக்குந்தா தோட்டம் (கேள்வி)

வணக்கம். ஊட்டி பக்கம் தலைக்குந்தாவில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் 10க்கு 16 அடியில், 8 அடி உயரத்தில் ஒரு சின்ன பாலிஹவுஸ் போட்டிருக்கிறோம். ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட். உள்ளே தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, அம்மா வளர்க்கும் பிகோனியா, தொட்டியில் ஒரு கறிவேப்பிலை.

டிசம்பர் கடைசியிலிருந்து விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாகிவிடுகிறது. போன வாரம் ஒருநாள் காலை ஆறு மணிக்கு வெளியே மைனஸ் 1 டிகிரி, பாலிஹவுஸுக்குள் மைனஸ் 2. மூடிய இடம் எப்படி வெளியைவிடக் குளிரும்?

அதைப் பார்த்த அப்பா நான்கு நாளாக ஒரு இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைக் கனிய வைத்து உள்ளே வைக்கிறார். புகை வருவதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து போய்க் கரி போட்டுவிட்டு, கதகதப்பாக இருக்கிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு நாளாகக் காலையில் தலைவலி என்கிறார். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 97 காட்டியது, அதனால் பயமில்லை என்று நினைத்தோம். ஆனால் சூடு இருந்தும் தக்காளி இலைகள் கீழ்நோக்கி வளைந்து தொங்குகின்றன, பூவும் கொட்டுகிறது.

வீட்டில் 2000 வாட் ரூம் ஹீட்டர் இருக்கிறது. ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வைக்கலாமா?

வெள்ளைக்கோட்டு

மற்றதெல்லாம் அப்புறம். இன்று இரவு அந்தச் சட்டி உள்ளே போகக் கூடாது. அப்பாவை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். "மூடிய இடத்தில் கரி நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்" என்று முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்கமோ குழப்பமோ வாந்தியோ இருந்தால் 108 கூப்பிடுங்கள்.

புகை இல்லை என்பதால்தான் இது ஏமாற்றும். நன்றாகக் கனிந்த கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல். அப்புறம் தூக்கம் வருவதுபோல இருக்கும். அந்தத் தூக்கத்திலிருந்து எழ முடியாமல் போவதுதான் ஆபத்து.

ஆக்ஸிமீட்டரை நம்ப வேண்டாம். ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது. விஷம் ஏறியிருந்தாலும் 97, 98 என்றே காட்டும்.

தலைக்குந்தா தோட்டம்

அழைத்துப் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்து, சில மணி நேரம் ஆக்ஸிஜன் வைத்து அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் "அந்தக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே கரிச்சட்டி வைத்துத் தூங்கியிருக்கிறோம், புகையே இல்லையே" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கோடைமலை

உங்கள் அப்பாவிடம் தக்காளியைக் காட்டுங்கள். கரியும் மண்ணெண்ணெயும் சரியாக எரியாதபோது எத்திலீன் என்ற வாயுவும் வரும். வாழைத்தாரைப் பழுக்க வைக்க மூட்டம் போடுவார்களே, அந்தப் புகையில் வேலை செய்வது இதே வாயுதான். தக்காளி இதற்கு ரொம்பவே பயப்படும் செடி. இலை கீழே வளைவதும் பூ கொட்டுவதும் அதன் அடையாளம். குளிர் பட்ட இலை இப்படி இருக்காது. வெந்த கீரை மாதிரி கறுத்துத் துவளும். செடியைக் காப்பாற்றுவதாக நினைத்து வைத்த நெருப்புதான் செடியைக் கெடுத்திருக்கிறது.

வெளியைவிட உள்ளே ஏன் குளிர் என்று கேட்டீர்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையிலிருக்கும் சூடு கதிராகக் கிளம்பி வானத்துக்குப் போய்விடுகிறது. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுக்கும். சாதாரண பாலித்தீன் பெரும்பாலும் விட்டுவிடும். வெளியிலாவது சுற்றியிருக்கும் காற்று வந்து கலந்து கொஞ்சம் ஈடுகட்டும். உள்ளே அதுவும் இல்லை. அதனால்தான் ஒரு டிகிரி கூடுதலாக இறங்கியிருக்கிறது.

ஆகவே முதல் வேலை ஹீட்டர் அல்ல, இரண்டாவது கூரை. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் அலங்காரச் செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் என்ற செடியைப் போட்டு மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். செடிக்கும் வானத்துக்கும் நடுவில் ஒரு மறைப்பு, அவ்வளவுதான். உங்களுக்குப் பழைய பருத்திப் புடவை போதும். சூரியன் மறைவதற்கு முன்பே மூடிவிடுங்கள், பகலில் சேர்ந்த சூடு தங்கும்.

பானைக்காரர்

நான்கு மெழுகுவத்தி ஏற்றி மேலே மண்சட்டியைக் கவிழ்த்தால் ஹீட்டர் மாதிரி சூடு வரும் என்று வீடியோ பார்த்தேன். செலவும் குறைவு. அதை முயற்சி செய்யலாமே?

ஒயரிங் அண்ணன்

தம்பி, வேண்டாம். ஒரு சின்ன மெழுகுவத்தி கொடுப்பது 30, 40 வாட் சூடுதான். மேலே சட்டியைக் கவிழ்த்தால் சட்டி சூடாகுமே தவிர மொத்தச் சூடு கூடாது. சட்டிக்குள் மெழுகு அதிகமாகச் சூடேறி ஒரேயடியாகத் தீப்பிடிப்பதும் உண்டு. ஆள் இல்லாத நேரத்தில், பாலித்தீனும் காய்ந்த இலையும் இருக்கும் இடத்தில் எந்தத் தீயும் வேண்டாம்.

தலைக்குந்தா தம்பிக்கு ஒரு கணக்கு. உங்கள் பாலிஹவுஸின் சுவரும் கூரையும் சேர்த்துச் சுமார் 55 சதுர மீட்டர். ஒற்றை பாலித்தீன் வழியாக, உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு ஆறரை வாட் போகும் என்று வையுங்கள். வெளியே மைனஸ் 2, உள்ளே 5 வேண்டும் என்றால் 7 டிகிரி. பெருக்கினால் 2500 வாட் வருகிறது. 10 மணி நேரத்துக்கு 25 யூனிட். ஒவ்வொரு இரவும் இதைக் கட்ட முடியாது, உங்கள் 2000 வாட் ஹீட்டரும் பத்தாது.

பாலிஹவுஸ் முழுவதையும் விடுங்கள், பெஞ்சை மட்டும் சூடாக்குங்கள். செடிகளையெல்லாம் ஒரு பெஞ்சில் நெருக்கி வைத்து, 4க்கு 10 அடியில், 3 அடி உயரத்தில் பி.வி.சி. பைப்பை வளைத்து உள்ளுக்குள் ஒரு குட்டிக் கூடாரம் போட்டால் பரப்பு 12 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். 500 வாட் போதும். மண்ணில் வைத்த ஸ்ட்ராபெர்ரிக்கு அது தேவையில்லை, புடவை மூடாக்கே தாங்கும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். சாதாரண பாக்ஸ் 6 ஆம்பியருக்குச் செய்தது. அதை ஈரத் தரையில் போட்டு இரவு முழுக்க ஓட்டினால் பிளக் உருகும், இல்லை ஷாக் அடிக்கும். ரூம் ஹீட்டர் ஈரமான இடத்துக்குச் செய்ததும் அல்ல. தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கு ஐ.பி.எக்ஸ்.4 குறியீடு போட்ட, மின்விசிறியில்லாத குழாய் வகை ஹீட்டராக வாங்குங்கள். குளிர்ந்தால் ஹீட்டரைப் போட்டு, சூடேறினால் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று தனியாக வேண்டும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, போர்டிலிருந்து எர்த்தோடு தனி லைன் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஜி.ஐ. பைப் கூண்டு என்பதால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். எங்காவது ஒயர் உரசினால் கூண்டு முழுவதும் கரண்ட் பாயும். ஹீட்டருக்கும் ஷீட், புடவைக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டு, அது நகராதபடி அடிக்கட்டையில் திருகி வையுங்கள்.

கோடைமலை

கரண்ட் போகும் இரவுக்கும் ஒரு வழி இருக்கிறது. 20 லிட்டர் கேன் பத்தில் தண்ணீர் நிரப்பி, கறுப்புப் பெயின்ட் அடித்து, பெஞ்சுக்கு அடியில் வெயில் படும் பக்கமாக வையுங்கள். அந்த 200 லிட்டர் 10 டிகிரி குளிர்ந்தால் 2.3 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான சூடு வெளியே வரும். கூடாரத்துணி தரைவரை தொங்கினால்தான் அது செடிக்குப் போய்ச் சேரும்.

தண்ணீர் காலையில் மட்டும் ஊற்றுங்கள். பத்து மணிக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். ஈரம் உள்ளேயே நின்றால் ஸ்ட்ராபெர்ரியில் சாம்பல் பூஞ்சை வந்துவிடும்.

தலைக்குந்தா தோட்டம் (12 நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. எத்திலீன் விஷயத்தைச் சொல்லி வாழைத்தார் மூட்டத்தை நினைவுபடுத்தியதும்தான் அப்பா ஒத்துக்கொண்டார். தன் தலைவலிக்கு அசையாதவர், தக்காளிப் பூவுக்காகச் சட்டியை எடுத்து வெளியே கவிழ்த்துவிட்டார்.

கூடாரம் போட்டாயிற்று. 500 வாட் ஹீட்டர், தெர்மோஸ்டாட் 6 டிகிரியில். லைனும் ஆர்.சி.சி.பி.யும் முறையாகப் போட்டுவிட்டோம். நேற்று வெளியே மைனஸ் 2, கூடாரத்துக்குள் குறைந்தபட்சம் 6. தனி மீட்டரில் ஒரு இரவுக்கு இரண்டரை யூனிட்டிலிருந்து மூன்றரை யூனிட்வரை ஓடுகிறது. நடுவில் ஒருநாள் இரவு ஒன்றிலிருந்து நான்கு மணிவரை கரண்ட் இல்லை. அன்று 4 டிகிரிவரைதான் இறங்கியது, தண்ணீர்க் கேன்களால்தான் என்று நினைக்கிறேன். தக்காளியில் புது இலைகள் நேராக வருகின்றன.

கறிவேப்பிலை மட்டும் எல்லா இலையையும் கொட்டிவிட்டது. பிடுங்கிவிடலாமா?

கோடைமலை

பிடுங்காதீர்கள். அது குளிருக்கு இலையை உதிர்க்கும் செடிதான். நகத்தால் தண்டைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சமாகத் தண்ணீர். உரம் வேண்டாம், பனி முடியும்வரை கிளையை வெட்டவும் வேண்டாம்.

தலைக்குந்தா தோட்டம்

சுரண்டிப் பார்த்தேன் அண்ணா. நுனியில் இரண்டு விரற்கடை காய்ந்திருக்கிறது, அதற்குக் கீழே பச்சை. அப்படியே பெஞ்சில் ஏற்றி வைத்திருக்கிறேன்.