புதுப்பிப்பு: அந்த ஹெமி கூடா விவகாரம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேனே, அமெரிக்காவின் ஒகையோவில் ஒரு 1970 பிளிமத் ஹெமி கூடா கார் (பாரகூடா காரின் சக்திவாய்ந்த, அரிய வகை) விலைக்கு வந்திருக்கிறது, வேறு காரின் உடலில் அதன் அடையாள எண் (VIN) தகட்டை மாட்டியிருப்பார்களோ என்று சந்தேகம் என்று? நேரில் போய்ப் பார்த்துவிட்டேன்.

டாஷ்போர்டுத் தகட்டில் ஐந்தாவது எழுத்து ஆர், அதாவது 426 ஹெமி எஞ்சின். தகட்டைப் பிடிக்கத் தொழிற்சாலையில் அடிக்கும் பூத்தலை ரிவெட்டுகளும் சரியாகவே தெரிந்தன. பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டருக்கு மேலே குறுக்கே போகும் சட்டத்தில் டார்ச் அடித்தேன். பெயின்ட் அங்கே மட்டும் தடிமன். விரலால் தடவினால் உடலில் பொறித்த அடையாள எண் தட்டுப்பட்டது. கடைசி ஆறு இலக்கம் தகட்டோடு ஒட்டவில்லை. அந்தச் சட்டம் மட்டும் மாறியிருக்கலாம் என்று அதே எண் பொறித்திருக்கும் இன்னொரு இடமான கௌல் (முன் கண்ணாடிக்குக் கீழுள்ள பகுதி) ஓரத்து ரப்பரை விலக்கினேன். எண்ணைத் தேய்த்த கிரைண்டர் தடம்!

விற்பவர் மழுப்பவில்லை. "பழைய உடலைத் துரு தின்றுவிட்டது, சாதா பாரகூடா உடலுக்குத் தகட்டை மாற்றினோம், ரிப்பேர்தானே?" என்றார்.

தெரிந்தே அடையாள எண்ணை அகற்றினால், மாற்றினால் அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி 5 ஆண்டு வரை சிறை. ரிப்பேருக்கு அவசியமென்றால் விலக்கு உண்டு. அதைத்தான் அவர் பிடித்துக்கொள்கிறார். தளம், ஃபெண்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றினால் நானும் ரிப்பேர் என்பேன். இன்னொரு வண்டியின் எண்ணைத் தேய்த்ததை எப்படி அப்படிச் சொல்வது? நிலையான கூரையுள்ள 1970 ஹெமி கூடா மொத்தமே 652தான் தயாரானது, அதனால்தான் அசலுக்கு அவ்வளவு மதிப்பு. விளம்பரத்தில் உடல் மாற்றிய பேச்சே இல்லை, விலை மட்டும் அசலுக்குரியது.

வாங்கவில்லை. பெயரே 'கூடா', அப்போதே யோசித்திருக்க வேண்டும்.