கருவுறுதல் விகிதம் 2.0 என்றால் மக்கள்தொகை ஏன் இன்னும் ஏறுகிறது?

கேள்வி: தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) இந்தியாவின் மொத்தக் கருவுறுதல் விகிதம் 2.0 என்று போட்டிருக்கிறது, முந்தைய சுற்றில் 2.2. ஆளுக்கு இரண்டு பிள்ளைதான் என்றால் கூட்டம் குறைய வேண்டாமா?

பதில் 1: இது பெண்கள் இதுவரை பெற்ற பிள்ளைகளின் சராசரி இல்லைங்க. ஆய்வுக்கு முந்தைய 3 ஆண்டுகளில் 15 முதல் 49 வரை ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் இருந்த பிறப்பு வீதத்தைக் கூட்டி, ஒரு பெண் இதே வீதத்தில் போனால் வாழ்நாளில் எத்தனை பெறுவாள் என்று போடும் கணக்கு. முன்பு நிறையப் பேர் பிறந்தார்கள், அவர்கள்தான் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள், அதனால் ஏறுகிறது. அப்புறம், அந்த ஆய்வில் இந்த விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: பீகாரில் 3.0, தமிழ்நாட்டில் 1.8.

பதில் 2: அதை விடுங்கள், அதே அறிக்கையில் கருத்தடைப் பக்கத்தைப் புரட்டுங்கள். மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்கள் அறுவை? 0.3! வாசக்டமிக்கு, அதாவது ஆண்களுக்கான கருத்தடை அறுவைக்கு, வயிற்றைத் திறக்க வேண்டாம், மரத்துப்போக ஊசி போட்டு முடித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனாலும் பிரசவ வலி பட்டவளேதான் மறுபடி மேசையில் படுக்க வேண்டும்.

பதில் 3: அதே அறிக்கையில் சிசேரியனையும் பாருங்கள். அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 14.3 சதவீதம், தனியாரில் 47.4. சிக்கலான கேஸ் எல்லாம் தனியாருக்கே போகிறதாக்கும்!