பெரியப்பா 60 – ஹாரோ ஹால்

பவித்ரா: சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் படம். பீட்டில்ஸ் பேண்டா, ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டா? புரொஜெக்டர்காரர் கேட்கறார்

ரவி மாமா: ஸ்டோன்ஸ்

சுதா அத்தை: அறுபது யாருக்குண்ணா, உனக்கா அத்திம்பேருக்கா?

முரளி சித்தப்பா: பவி, பீட்டில்ஸ் கதையைச் சொல்ற ஆந்தாலஜி டாக்குமெண்டரியோட டிவிடி பெட்டி என்கிட்ட இருக்கு. 2003ல வந்தது, 5 டிஸ்க். முதல் 4ல ரெண்டு ரெண்டா 8 பாகம், கடைசியில கூடுதல் காட்சிகள். பின்னணிக் குரல் கிடையாது, கதையை அவங்களே சொல்றாங்க. அவங்கள்ல ஜான் லெனான் 1980லயே போயிட்டார், அதனால அவர் பேச்சு பூரா பழைய பேட்டிகள்லேர்ந்து எடுத்தது. 2வது டிஸ்க் போடு, 1964 அமெரிக்கப் பயணம் அதுல வரும்.

ரவி மாமா: தன் கதையைத் தானே சொன்னா வேண்டியதுதான் வரும். ஸ்டோன்ஸ் படம் கிம்மி ஷெல்டர்ல டைரக்டர்கள் மேசில்ஸ் சகோதரர்கள் ஆல்டமான்ட் கச்சேரி ஃபுட்டேஜை பாடகர் ஜாகருக்கே போட்டுக் காட்டி அவர் முகத்தைப் படம் பிடிச்சாங்க. பீட்டில்ஸ் பெட்டியில அப்படி ஒரு இடம் காட்டு

முரளி சித்தப்பா: ஒத்துக்கறேன். ஆனா 1969 டிசம்பர் 6 கச்சேரியில நடந்த கொலையே அதுல பதிவாகியிருக்கு. சஷ்டியப்தபூர்த்திக்கா?

சுதா அத்தை: ஐயோ வேண்டவே வேண்டாம்

ரவி மாமா: அப்போ ஸ்டோன்ஸோட இன்னொரு படம், கிராஸ்ஃபயர் ஹரிக்கேன்

முரளி சித்தப்பா: அருமையான படம். 2012ல பேட்டி எடுத்தப்போ கேமராவே வைக்கல, குரல் மட்டும்தான். அதனால பழைய காட்சிகள் நடுவுல வெட்டுப்படாம ஓடும். ஆனா 1975ல கிடாரிஸ்ட் ரான் வுட் பேண்டுக்கு வந்த பிறகு ஓட்டமா முடிச்சுடறாங்க. ஸ்டோன்ஸ் கதை முழுசா வேணும்னா நாலஞ்சு படம் சேர்த்துப் பார்க்கணும். பீட்டில்ஸுக்கு ஒரே பெட்டி போதும்.

கார்த்தி: டிஸ்னி பிளஸ்ல ஆந்தாலஜி இருக்கே, 9வது பாகத்தோட

பவித்ரா: ஹால் வைஃபை நிக்காது

சுதா அத்தை: போண்டா 120 போதுமா?

பவித்ரா: 150 அத்தை

முரளி சித்தப்பா: கவனம் பவி. ஆந்தாலஜி டிவிடி 4:3, பழைய டிவி மாதிரி அகலம் குறைஞ்ச படம். டிவிடி பிளேயர், புரொஜெக்டர் ரெண்டுலயும் 4:3 வை, இல்லேன்னா முகமெல்லாம் அகலமா இழுத்துக்கும். ஹால்ல ரெண்டு ஸ்பீக்கர்தானே? மெனுவில பிசிஎம் ஸ்டீரியோ எடு, அது ரெண்டு ஸ்பீக்கருக்கான ஒலி. ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 எடுத்து, பிளேயர் அதை ரெண்டா சேர்த்துக் குறைக்கலேன்னா நடு ஸ்பீக்கருக்குப் போற பேச்சு காணாமப் போகும், பாட்டு மட்டும் கேக்கும். டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலேர்ந்து விளிம்புக்கு நேரா துடை. வட்டமா துடைச்சா கீறல் டிராக்கோடவே போகும், படம் அங்கேயே சிக்கி நிக்கும்.

கார்த்தி: பிளேயர் யார் கொண்டு வரா?

முரளி சித்தப்பா: ரவி அண்ணா, 3வது டிஸ்க் இன்னும் உங்க வீட்லதான்

ரவி மாமா: திருப்பிக் குடுத்தாச்சு

முரளி சித்தப்பா: உறைதான் வந்தது

சுதா அத்தை: ஆரம்பிச்சாச்சா

பவித்ரா: 2வது டிஸ்க் 40 நிமிஷம், மீதி 20 மாமாவோட ஸ்டோன்ஸ். சரியா?

ரவி மாமா: 30

பவித்ரா: பிளேயர் யாருன்னு சொல்லுங்க முதல்ல