விண்டோஸ் 10: ஒரு புதுப்பிப்பு மட்டும் 80070643 பிழையோடு நின்றுவிடுகிறது

கேள்வி:
வணக்கம். எங்கள் வீட்டுக் கணினியில் மாதாந்தரப் புதுப்பிப்புகள் எல்லாம் ஒழுங்காக நிறுவப்படுகின்றன. கேபி5034441 என்ற பாதுகாப்புப் புதுப்பிப்பு மட்டும் தரவிறங்கி, நிறுவத் தொடங்கிய சிறிது நேரத்தில் 80070643 என்று முடியும் பிழைக் குறியீட்டைக் காட்டி நின்றுவிடுகிறது. மறுதொடக்கம் செய்தும், டிரபிள்ஷூட்டரை ஓட்டியும் மாற்றமில்லை. சி டிரைவில் நிறைய காலியிடம் இருக்கிறது. பல ஆண்டுப் புகைப்படங்கள் இதே கணினியில் இருப்பதால், எதையும் அழிக்காமல் இதைச் சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் 1:
அப்டேட் சேவையை நிறுத்திவிட்டு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றி, சேவையை மீண்டும் தொடங்கிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடலாம்.

பதில் 2:
தயவுசெய்து புதிதாக நிறுவ வேண்டாம். ஃபோல்டரின் பெயரை மாற்றுவது, தரவிறங்கிய கோப்பு பழுதாகியிருந்தால் பலன் தரும்; மற்ற புதுப்பிப்புகள் தடையின்றி நிறுவப்படும் உங்கள் கணினியில் அதற்கு வாய்ப்பு குறைவு. 2024 ஜனவரி 9 அன்று வெளியான இந்தப் புதுப்பிப்பு சி டிரைவைத் தொடுவதே இல்லை. விண்டோஸ் கிளம்பாதபோது பழுதுபார்க்க உதவும் ரெக்கவரி சூழலைத்தான் அது புதுப்பிக்கிறது. அதற்கு, வட்டில் அந்தச் சூழலுக்கென்று தனியாகப் பிரித்த பகுதியான ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலியிடம் வேண்டும்; இல்லாவிட்டால் இடம் போதவில்லை என்று சொல்லாமல், நிறுவுவதில் பொதுவான தவறு என்ற பொருளில் இதே குறியீட்டைக் காட்டிவிடுகிறது. வட்டின் பகுதிகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அந்தப் பார்ட்டிஷன் எவ்வளவு பெரியது, சி டிரைவுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
சி டிரைவை அடுத்து, வலப்பக்கத்தில் 509 எம்பி அளவில் ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் 100 சதவீதமும் காலி என்றே காட்டுகிறதே? வலது கிளிக் செய்தால் ஹெல்ப் என்ற ஒரே வரிதான் வருகிறது.

பதில் 2:
அந்த 100 சதவீதத்தை நம்ப வேண்டாம். ரெக்கவரி பார்ட்டிஷனுக்குள் இருப்பதை டிஸ்க் மேனேஜ்மென்ட் படிப்பதில்லை என்பதால், நிரம்பியிருந்தாலும் காலி என்றே காட்டும். இடத்தின் பெரும்பகுதியை, ரெக்கவரி சூழல் அடங்கிய வின்ஆர்ஈ.விம் என்ற ஒரே கோப்பு பிடித்திருக்கும்.

உங்களுக்கு வசதி என்னவென்றால், பார்ட்டிஷன் சி டிரைவை ஒட்டி அதன் பின்னால் இருக்கிறது. முதலில் புகைப்படங்களை வெளி டிரைவில் நகலெடுத்துவிடுங்கள்; இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த வேலையைத் தொடங்காதீர்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ரீஏஜென்ட்சி கட்டளையால் ரெக்கவரி சூழலை முடக்குங்கள். முடக்கும்போது வின்ஆர்ஈ.விம் கோப்பு, விண்டோஸ் ஃபோல்டரின் சிஸ்டம்32க்குள் உள்ள ரெக்கவரி ஃபோல்டருக்கு வந்து சேரும். அது மறைக்கப்பட்ட கோப்பு என்பதால், மறைந்த கோப்புகளையும் காட்டும்படி அமைத்து, வந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வந்திருந்தால் மட்டும் மேலே செல்லுங்கள். வராத நிலையில் பழைய பார்ட்டிஷனை அழித்தால் ரெக்கவரி சூழலே கைவிட்டுப் போய்விடும். அதன்பின், பார்ட்டிஷன்களை மாற்றும் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டில் சி டிரைவை 250 எம்பி சுருக்கி, பழைய ரெக்கவரி பார்ட்டிஷனை நீக்கி, சேர்ந்த இடம் முழுவதிலும் புதியதை உருவாக்கி, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து, ரீஏஜென்ட்சியால் மீண்டும் இயக்குங்கள். வட்டு தன் பார்ட்டிஷன்களைப் பதிந்துவைக்கும் முறை ஜிபிடி வகையா எம்பிஆர் வகையா என்பதைப் பொறுத்துப் புதிய பார்ட்டிஷனுக்குத் தரவேண்டிய அடையாளம் மாறும். டிஸ்க்பார்ட்டின் வட்டுப் பட்டியலில் ஜிபிடி என்ற பத்தியில் நட்சத்திரக் குறி இருந்தால் அது ஜிபிடி. எந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்திருக்கிறீர்கள் என்பதை நீக்குவதற்கு முன் மறுபடியும் பாருங்கள், ஏனெனில் டிஸ்க்பார்ட் உறுதி கேட்பதில்லை.

பதில் 3:
ஒன்றைச் சேர்க்கிறேன். கணினியை நேரடியாகக் கையில் எடுக்கும் ஒருவர் ரெக்கவரி சூழல் வழியாக வட்டைக் குறியாக்கம் செய்து காக்கும் பிட்லாக்கர் பூட்டைத் தாண்டிவிடக்கூடிய ஓட்டையை இந்தப் புதுப்பிப்பு அடைக்கிறது. உங்கள் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்படவில்லை என்றால் இதில் அவசரம் இல்லை. பார்ட்டிஷன் வேலையில் தயக்கம் இருந்தால் இந்தப் புதுப்பிப்பை மறைத்துவைப்பதும் தவறில்லை. பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திய பிறகே தொடங்குங்கள்.

கேட்டவர்:
பிட்லாக்கர் இல்லை, ஆனாலும் முறையாகவே முடித்துவிட நினைத்து, நகலெடுத்தபின் நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். ரெக்கவரி பார்ட்டிஷன் இப்போது 759 எம்பி. புதுப்பிப்பும் நிறுவப்பட்டுவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி. அப்டேட் வரலாற்றில் பழைய தோல்விகள் இன்னும் தெரிகின்றன. அவற்றையும் நீக்க வேண்டுமா?

பதில் 2:
வேண்டியதில்லை. அவை வெறும் பதிவுகள். ரீஏஜென்ட்சி தகவலில் நிலை எனேபிள்டு என்றும், இடம் புதிய பார்ட்டிஷன் என்றும் காட்டினால் போதும்.