டிட்டிகாக்கா ஏரியில் ஒரு நாள்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மாவுடன் பெரு போகிறேன். குஸ்கோவில் நான்கு நாள் தங்கிவிட்டு ஏரிக்கரை ஊரான பூனோவுக்கு பஸ். அங்கே ஒரு முழு நாள்தான் கையில் இருக்கிறது.

ஊரோஸ் மிதக்கும் தீவுகள் கரையிலிருந்து அரை மணி நேரம்தான், அதில் குழப்பமில்லை. தொத்தோரா கோரையின் வேர்க்கட்டிகளை ஒன்றாகப் பிணைத்து, மேலே கோரையைப் பரப்பி, அடியில் அழுக அழுகப் புதிதாகப் போட்டுக்கொண்டே இருப்பார்களாம். அந்த மெத்துமெத்தென்ற தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

சிக்கல் தக்கீலே தீவுதான். சாதாரணப் படகில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். துறையிலிருந்து ஊருக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்படிகள். ஏரியே 3,800 மீட்டர் உயரத்தில்! அம்மாவுக்கு 63 வயது, மூட்டு வலி. மாடிப்படி என்றாலே முகம் சுளிப்பார். ஆனால் ஆண்கள் நடந்துகொண்டே தொப்பி பின்னும் ஊர் அது, அவர்களின் நெசவுக் கலையை 2005இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. நானும் கொஞ்சம் பின்னுவேன், விட மனமில்லை.

மறுபக்கத் துறையில் இறங்கினால் ஏற்றம் குறைவு என்கிறார்கள், உண்மையா? அப்புறம், மதியச் சாப்பாட்டில் மீனைத் தவிர்த்தால் கீன்வா சூப்பும் உருளைக்கிழங்கும் கிடைக்குமா? அம்மா சைவம்.

டூர் எடுக்காமல் தீவுக்காரர்களின் படகிலேயே போனவர்கள் யாராவது இருந்தால், காலையில் எத்தனை மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். காசு அவர்கள் கைக்கே போனால் நல்லது.