கட்டாயம் வைத்திருக்க வேண்டிய றெக்கோட் எது, அது எப்படிக் கைக்கு வந்தது?

உவர்மலை:

இசைத்தட்டு சேர்க்கிறேன் என்று வாய் திறந்தால் போதும், யாராவது ஒரு பட்டியலை நீட்டுவார்கள். பீட்டில்ஸின் அபி ரோட் (1969), பிங்க் ஃபுளொய்டின் டார்க் சைட் ஒவ் த மூன் (1973), மைல்ஸ் டேவிஸின் கைன்ட் ஒவ் புளூ (1959). எல்லாம் நல்ல தட்டுகள்தான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு அந்தப் பட்டியலை வைத்து என்ன செய்வது? இங்கே றெக்கோட் கடை என்று ஒன்று கிடையாது. யாராவது பழைய வீட்டை இடிக்கும்போது வெளியே வருவதும், பழைய இரும்புக்காரரின் கையில் அகப்படுவதும்தான் நமக்கு. அதனால் பட்டியல் வேண்டாம். உங்களிடம் இருப்பதில் எதை விடமாட்டீர்கள், அது எப்படி வந்தது, அதை மட்டும் எழுதுங்கள்.

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பழைய சாமான் கடை. வாசலில் மான் ஒன்று நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. நம்முடைய ஊர் மான்களைத் தெரியும்தானே, கச்சான் சுற்றிய பேப்பரையும் விடாது. கிட்டப் போய்ப் பார்த்தால் வாயில் றெக்கோட் மட்டை. துரத்திவிட்டுப் பிடுங்கினேன். எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதம், 1963இல் எச்.எம்.வி. கம்பனி போட்ட எல்.பி., அதாவது நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிற பெரிய தட்டு. மட்டையின் மேல்மூலை முழுக்கப் போய்விட்டது. அந்த மூலையில்தான் கிராமபோன் குழாய்க்கு முன்னால் காது கொடுக்கிற நாய் இருந்திருக்க வேண்டும். நாயை மான் தின்ற கதை இந்த ஊரில்தான் நடக்கும். கடைக்காரர் 300 ரூபாய் கேட்டார், மான் தின்றதுக்குக் கழிக்கமாட்டீர்களா என்று கேட்டதற்கு, அதுக்குத்தான் 300, இல்லாவிட்டால் 500 என்றார்.

தட்டுக்கு ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன், இரண்டு மயிர்க்கீறல், விளிம்பில் பூஞ்சணம், அவ்வளவுதான். நனைந்த துணியால் துடைத்ததும் பூஞ்சணம் போய்விட்டது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். டொரன்ரோவில் இருக்கிற மச்சான் வீடு மாறும்போது தன்னுடைய டேர்ன்டேபிளை, அதுதான் றெக்கோட் போடுகிற பெட்டியை, கப்பல் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தான். 110 வோல்ட் சாமான், அதனால் ட்ரான்ஸ்போமர் வாங்கி மாட்டினேன். ஊசியை இறக்கினேன். எம்.எஸ். அம்மா ஆம்பிளைக் குரலில் பாடுகிறார்! அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “ஆர் இது, மச்சானோ பாடி அனுப்பியிருக்கிறான்?” என்று கேட்டார். சரி, நிமிடத்துக்கு 45 சுற்று என்கிற அடுத்த வேகத்தில் வைத்துப் பார்ப்போம் என்று மாற்றினால், சுப்ரபாதம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி இருக்கிறது. பெல்ற் புதிதாகப் போட்டேன். எண்ணெய் விட்டேன். ட்ரான்ஸ்போமரையும் இன்னொருவரிடம் வாங்கி மாற்றிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இதற்கு யாராவது வழி தெரிந்தால் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

கிண்ணியா:

டேர்ன்டேபிள் விஷயம் எனக்குத் தெரியாது அண்ணன். நான் விடமாட்டாத தட்டு ஒன்று இருக்கிறது, அதில் லேபலே இல்லை.

வாப்பா நாகூர் ஹனிபா பாட்டுகளில் ஏழெட்டுத் தட்டு வைத்திருந்தார். நோன்பு காலத்தில்தான் வெளியே எடுப்பார், மற்ற நாட்களில் தொடவும் விடமாட்டார். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வீட்டுக்குள் வந்தது. அதைப் பற்றி இங்கே விரிவாக எழுத எனக்கு மனம் இல்லை. ஒரு கிழமைக்குப் பிறகு வாப்பா சேற்றைக் கிளறியபோது அலுமாரி குப்புறக் கிடந்தது. மட்டையெல்லாம் கூழ். நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய 78 தட்டுகள் துண்டு துண்டு, அவை அரக்கில் செய்தவை, கீழே விழுந்தாலே உடையும். வினைல் தட்டில் மூன்று முழுதாக இருந்தன, ஆனால் லேபல் கடதாசி கழன்று போய் நடுவில் வெறும் கறுப்பு.

கிணற்றுத் தண்ணீரில் கழுவினோம். காய்ந்த பிறகு தட்டில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. கிணறும் உப்பாகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. மழைக்காலம்தானே, கூரையில் விழுந்த தண்ணீரை வாளியில் பிடித்து, ஒரு சொட்டு சவுக்காரம் விட்டு, தட்டு சுழல்கிற பக்கமாகவே மெதுவாகத் துடைத்து மறுபடியும் மழைத் தண்ணீரில் அலசினேன். உப்பு தடத்துக்குள் நின்றால் ஊசி போகும்போது பொரிகிற சத்தம் வரும். இப்போதும் ஒரு இடத்தில் பொரிகிறது, அதை நான் கழுவவில்லை.

எது எந்தத் தட்டு என்று தெரியாமல் பல வருஷம் வைத்திருந்தோம், போட்டுப் பார்க்கப் பெட்டியும் இல்லையே. பாட்டு முடிகிற தடத்துக்கும் லேபலுக்கும் நடுவில் வழுவழுப்பான ஓரம் இருக்கும். அதைச் சாய்த்துப் பிடித்தால் கீறி எழுதின எண் தெரியும், அச்சு எண். அதை வைத்துப் பழைய பட்டியல்களில் தேடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார், தேடினேன், இரண்டுக்குக் கிடைத்தது. மூன்றாவதுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் ஒருவர் வீட்டில் போட்டுப் பார்த்தோம். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’. வாப்பா எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

பாலையூற்று:

உவர்மலைத் தம்பி, ட்ரான்ஸ்போமரில் பிழை இல்லை. ட்ரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்கும், ஹேர்ட்ஸை, அதாவது கரண்ட் வினாடிக்கு எத்தனை தரம் துடிக்கிறது என்பதை, மாற்றாது. கனடாவில் கரண்ட் 60 ஹேர்ட்ஸ், நமக்கு 50. அந்தக் காலத்துப் பெல்ற் பெட்டிகள் பலவற்றில் மோட்டர் மின்னோட்டத்தின் துடிப்புக்கு ஏற்பத்தான் சுழலும். அப்போ 33⅓ சுற்றவேண்டியது ஆறில் ஐந்து பங்காகி 27.8 சுற்றும். 20 நிமிடப் பக்கம் 24 நிமிடம் ஓடும், சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கும், எம்.எஸ். ஆம்பிளையாவது அதனால்தான். 45இல் வைத்தால் 37.5. அதுவும் சரிவராது.

நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களே எண்ணிப் பாருங்கள். தட்டின் ஓரத்தில் சின்னத் துண்டுக் கடதாசி ஒட்டுங்கள். சரியான வேகத்தில் 3 நிமிடத்துக்கு 100 சுற்று வரவேண்டும்.

வழி இரண்டு. மோட்டர் அச்சில் பெல்ற் ஓடுகிற கப்பி, அந்த மொடலுக்கு 50 ஹேர்ட்ஸுக்கானது கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் மோட்டர் அச்சில் இருக்கிற கப்பியைப் பருமனாக்க வேண்டும், விட்டம் ஐந்துக்கு ஆறு. 10 மில்லிமீற்றர் கப்பி என்றால் 12 ஆக்கவேண்டும், செலோரேப் சுற்றிச் சுற்றி ஏற்றலாம். ஒழுங்காகச் சுற்றாவிட்டால் பாட்டு அலையும், நாதஸ்வரம் கேட்டால் உடனே தெரியும்.

இன்னொன்று. நீங்கள் பட்டியலில் போட்ட கைன்ட் ஒவ் புளூ இருக்கிறதே, உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுகிற தட்டு, அதன் முதல் பக்கமே 30 வருஷத்துக்கு மேலாகப் பிழையான வேகத்தில்தான் விற்றது. 1959இல் முதல் நாள் ஒலிப்பதிவு செய்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறிவிட்டது. 1990களில்தான் திருத்தி வெளியிட்டார்கள். நியூயோர்க்கில் அவ்வளவு பெரிய கம்பனிக்கே தெரியாமல் போனது, உங்களுக்கு அம்மா உடனே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். கெட்டிக்காரி.

என்னிடம் விடமாட்டாத தட்டு இளையராஜாவின் ஹவ் டு நேம் இட், 1986. படப் பாட்டு மாதிரி இல்லை, வாத்திய இசை, வயலின்தான் முன்னால் நிற்கும். தியாகராஜருக்கும் ஜேர்மன் இசைமேதை பாக் (Bach) என்பவருக்கும் சமர்ப்பணம் செய்திருப்பார். படப் பாட்டு இல்லையே என்று அப்போது நண்பர்கள் வாங்கவில்லை, நான் வாங்கினேன். அதற்கு மேல் கதை ஒன்றும் இல்லை, வாங்கினேன், வைத்திருக்கிறேன்.

நிலாவெளி:

ஒரு எச்சரிக்கை மட்டும். 78 தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள். இணையத்தில் வினைலுக்குச் சொன்னதை நம்பி, அப்பப்பாவின் தியாகராஜ பாகவதர் தட்டைத் துடைத்தேன். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மறந்துவிட்டேன். துணி கறுப்பானது. ஊத்தை போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் துடைத்தேன்.

முன்பு கடல்முகத் தெரு, இப்போது வவுனியா:

எங்கள் அப்பா லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், சாமத்தியவீடு, பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா என்றால் அப்பாதான். எந்த வீட்டில் என்றாலும் முதல் தட்டு சீர்காழி கோவிந்தராஜனின் ‘விநாயகனே வினை தீர்ப்பவனே’, அதில் மாற்றமே இல்லை. அந்தத் தட்டு கறுப்பாக இருந்ததை நான் பார்த்ததில்லை. ஊசி உரசி உரசிச் சாம்பல் நிறமாகிவிட்டது. ஆகவே யாராவது லவுட்ஸ்பீக்கர்காரரிடமிருந்து வந்த தட்டு என்று விற்றால் போட்டுக் கேட்காமல் வாங்காதீர்கள், பார்க்கக் கீறல் இல்லாவிட்டாலும் தடம் தேய்ந்திருக்கும்.

78 தட்டுக்கு இரும்பு ஊசி. ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது கணக்கு. அப்பா ஒரு ஊசியில் ஒரு கல்யாணத்தையே முடித்துவிடுவார்.

வீரபாண்டிய கட்டபொம்மன் கதைவசனத் தட்டும் இருந்தது. அது எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் வரி கேட்கிற இடத்தில் ஊசி துள்ளும், ஒரு வசனம் விழுங்கிப்போய் அடுத்ததில் இறங்கும். நாங்கள் அது அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம். பள்ளிக்கூட நாடகத்தில் தம்பி கட்டபொம்மனாக நின்று, தட்டு துள்ளின இடத்தில் தானும் துள்ளிப் பேசினான். ஜாக்சன் துரையாக நின்ற பிள்ளைக்குத் தன்னுடைய முறை எப்போது என்று தெரியவில்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். கைதட்டல் என்னவோ நன்றாகத்தான் கிடைத்தது.

பிறகு 70களில் நம்முடைய பொப் பாட்டுகள் வந்தன, நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ போட்டால் கல்யாணவீட்டில் சமையற்காரரும் வெளியே வந்து ஆடுவார். கசெட் வந்ததும் அப்பா தட்டுகளைப் பெட்டியில் கட்டி மேலே ஏற்றிவிட்டார்.

1990இல் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது பெட்டி அங்கேயே. யார் றெக்கோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது? வவுனியாவுக்கு வந்து பல மாதம் கழித்து அப்பாவின் பழைய சேட்டுப் பையில் கை விட்டால் எச்.எம்.வி. ஊசித் தகரப்பெட்டி, தீப்பெட்டி அளவு. உள்ளே 30, 40 ஊசி. எதற்கு அப்பா இதை எடுத்தீர்கள் என்றால், கைக்கு அதுதான் வந்தது என்றார். தட்டு ஒன்றும் என்னிடம் இல்லை, ஊசிதான் இருக்கிறது. இந்த இடத்தில் எழுதலாமோ தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

உவர்மலை:

அக்கா, நீங்கள் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

பாலையூற்று அண்ணைக்கு: எண்ணிப் பார்த்தேன். கடதாசி ஒட்டி, கைப்பேசியில் மூன்று நிமிடம் வைத்து, மகளும் நானும் தனித்தனியாக எண்ணினோம். எனக்கு 83, அவளுக்கு 84. பிறகு கப்பிக்குச் செலோரேப். 12 சுற்றில் 93 வந்தது, 20 சுற்றில் 100, ஒன்று கூடக்குறைய. எம்.எஸ். அம்மா எம்.எஸ். அம்மாவாகவே பாடினார். அம்மா கதிரையை இழுத்துப் போட்டு முழுப் பக்கமும் கேட்டார், நடுவில் மின்விசிறியை நிற்பாட்டச் சொன்னார்.

ஆனால் இந்த வெயிலுக்குப் பசை இளகுகிறது. பின்னேரத்தில் பெல்ற் வழுக்கி, சுருதி மெல்ல இறங்கத் தொடங்கும். அதனால் இப்போது விடியற்காலையில் மட்டும் போடுகிறோம், சுப்ரபாதத்துக்கு அதுதான் நேரமும்.

கேள்வி கேட்டவன் நான், கடைசியாக ஒன்று சொல்லவேண்டும். என்னிடம் கட்டாயம் இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிற தட்டு என்னிடம் இல்லை. நம்முடைய ஊரின் பரமேஸ் கோணேஸ் இசைக்குழுவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், எம்.பி. பரமேஸ் பாடிய ‘உனக்குத் தெரியுமா நான் உன்னை நினைப்பது’. ஈழத்துத் தமிழ்ப் பாட்டில் முதலில் தட்டாக வந்தது அதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வானொலியில் கேட்டிருக்கிறேன், யூடியூப்பிலும் கேட்கலாம். தட்டைக் கண்ணால் கண்டதில்லை. பழைய சாமான் கடைக்காரரிடம் பெயரை எழுதிக் கொடுத்துவைத்திருக்கிறேன், அவர் ஒவ்வொரு முறையும் ஏதாவது பைலாத் தட்டை எடுத்து நீட்டி “இதுவோ?” என்கிறார்.

யாரிடமாவது இருந்தால் விற்கவேண்டாம். ஒருநாள் காலையில் கொண்டுவாருங்கள், வெயில் ஏறுவதற்கு முன்னால்.