பல்லாக் வாங்கிய மஞ்சள் அட்டை: அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

வடக்குத்தெரு

2002 ஜூன் 25. உலகக் கோப்பை, ஜெர்மனிக்குத் தென் கொரியாவுடன் அரையிறுதி. ஜெர்மனியில் மதியம் ஒன்றரைக்குத் தொடங்கியது. நான் டோர்ட்முண்டில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் சமையல்காரர் ஊர் அணியான டோர்ட்முண்டின் வெறியர். முந்தைய மாதம், ஜெர்மனியின் நடுக்கள வீரர் மைக்கேல் பல்லாக் அப்போது ஆடிய கிளப்பான லெவர்குசன் ஒரே புள்ளியில் லீக்கை டோர்ட்முண்டிடம் விட்டு, ஜெர்மன் கோப்பையை ஷால்கவிடம் விட்டு, கிளாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் மாட்ரிட்டிடமும் தோற்றபோது, பல்லாக் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த மனுஷன். (டோர்ட்முண்டின் பரம எதிரி ஷால்க வென்றதில் மட்டும் அவருக்குக் கசப்பு.)

71ஆவது நிமிடம். கொரியாவின் லீ சுன்-சூ பந்தோடு பெனால்டி கட்டத்தை நோக்கி வருகிறார், பல்லாக் சாய்த்துவிட்டார். மஞ்சள் அட்டை. நாக் அவுட்டில் அவருக்கு இரண்டாவது, ஆகவே அடுத்த ஆட்டத்துக்குத் தடை, இறுதிப் போட்டி இல்லை. நாலே நிமிடத்தில் சக வீரர் நொய்வில் வலப்புறமிருந்து கொடுத்த பந்து, பல்லாக்கின் முதல் அடியைக் கோல்கீப்பர் தடுக்க, திரும்பி வந்ததை அவரே இடக்காலால் உள்ளே போட்டார். சமையலறையே கத்தியது. சமையல்காரர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நான் கழுவி அடுக்கிய சட்டியை எடுத்துத் திரும்பக் கழுவ ஆரம்பித்தார்.

நீலச்சட்டை08

எல்லோரும் இதைத் தியாகம் தியாகம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கால் தாமதமாகப் போனது, அவ்வளவுதான். கோல் போட்டதால் தியாகமாகிவிட்டது.

என் கதை 2008 மாஸ்கோ, சாம்பியன்ஸ் லீக் இறுதி, பல்லாக் அப்போது ஆடிய செல்சிக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும். நம்ம நேரம் நள்ளிரவு தாண்டி ஆரம்பித்த ஆட்டம். பெனால்டியில் செல்சியின் முதல் ஆள் பல்லாக், அடித்துவிட்டார். அப்புறம் யுனைடெட்டின் கிறிஸ்டியானோ ரொனால்டோ தவறவிட்டார். போட்டால் கப் என்ற நிலையில் செல்சி கேப்டன் டெர்ரி பந்தை வைக்க நடந்து வந்தபோது, அப்பா எழுந்துவிடுவாரே என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் டீக்கடையில் 'பல்லாக்குக்கு ஒருவழியாகக் கப் கிடைத்தது' என்று பத்துப் பேரிடம் சொன்னேன். ஒருத்தர் பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தார். டெர்ரி வழுக்கித் தவறவிட்ட படம். அந்தக் கடைக்கு இன்னும் போகிறேன், இன்னும் கேட்கிறார்கள்.

கோட்டுக்கு வெளியே

08 தம்பி, தாமதமான கால் என்கிறீர்களே, அங்கே விட்டிருந்தால் கோல் வாய்ப்பு. ஆட்டத்தைத் திரும்பப் பாருங்கள். வெறுமனே தாமதமான காலையும் நான் பார்த்திருக்கிறேன்: 2010 மே 15, லண்டன் வெம்ப்ளி, இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை இறுதி. எதிரணி போர்ட்ஸ்மவுத்தின் கெவின்-பிரின்ஸ் போட்டெங் பல்லாக்கை இடித்தார். பல்லாக் எழுந்து நடக்கப் பார்த்து, முடியாமல் முதல் பாதியிலேயே வெளியேறினார். கணுக்கால் தசைநார் கிழிந்து உலகக் கோப்பை போயிற்று. ஜெர்மனியின் கேப்டன் பட்டை பிலிப் லாமின் கைக்குப் போனது. 98 ஆட்டம், 42 கோல், அதற்குமேல் ஜெர்மனிக்காக ஆடவே இல்லை.

இதைச் சொல்ல வந்த காரணம் வேறு. டர்ஃபில் விளையாடும் பிள்ளைகள் கால் பிரண்டதும் எண்ணெய் போட்டு உருவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முதல் இரண்டு நாள் உருவினால் வீக்கம் கூடும். ஐஸைத் துணியில் சுற்றி ஒரு தடவைக்குக் கால் மணி நேரம் வையுங்கள், காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். ஊன்றி நாலு அடி வைக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் தசைநார் அதில் தெரியாது, வலி குறையாவிட்டால் மறுபடி காட்டுங்கள். வலி போனதும் நேரே மைதானத்துக்கு ஓடாதீர்கள். ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள், பல் துலக்கும் நேரம் போதும். ஷூ லேஸை மேல் ஓட்டை வரை கட்டுங்கள். என் மருமகனுக்கு இதையெல்லாம் சொன்னேன், கேட்கவில்லை.

நீலச்சட்டை08

அண்ணே, நான் கால் பற்றிக் கேட்கவே இல்லை.

மூலைக்கொடி

2000ஐ மறந்துவிட்டீர்களே! ஜெர்மன் லீக்கின் கடைசி ஆட்டம், உன்டர்ஹாகிங்கில் டிரா போதும் லெவர்குசனுக்கு. பல்லாக் சேம்சைடு கோல். 0-2. பயர்ன் மியூனிக்கும் அதே 73 புள்ளி, கோல் வித்தியாசத்தில் கோப்பை அங்கே போயிற்று. இரண்டு வருடம் கழித்து அவரும் அங்கேயே போனார். அண்ணா, அந்தச் சமையல்காரர் இறுதிப் போட்டி பார்த்தாரா?

வடக்குத்தெரு

இல்லை. ஞாயிறு முழுக்கத் தொலைக்காட்சியைப் போடவிடவில்லை. சாப்பிட வந்த ஒருவர்தான் சொன்னார், ஜெர்மனி கோல்கீப்பர் கானின் கையிலிருந்து பந்து நழுவியது, பிரேசிலின் ரொனால்டோ இரண்டு போட்டார் என்று. எங்கள் ஆள் என்னைப் பார்த்து, "உருளைக்கிழங்கை உரி" என்றார்.